பிங் போகிறது, மடல் போகவில்லை: வன்னியில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வன்னியில் இயங்கும் ஒரு விவசாயக் கூட்டுறவு அமைப்பில் நடந்த நிகழ்வு இது. தலைமை அலுவலகம் கிளிநொச்சியில். கிளைகள் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும். அமைப்பின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இணைய இணைப்புத் தந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே தரவில்லை. வெளியிலிருந்து தொழில்நுட்ப உதவி கொடுக்கும் ஆளாக இதில் நான் இருந்தேன்.

தலைமை அலுவலகத்தில் இரண்டு சேர்வர்கள். ஒன்றில் விண்டோஸ் சேர்வர் 2016. பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அக்டிவ் டிரெக்டரி, பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ், கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி மூன்றும் அதில்தான். மற்றதில் எக்ஸ்சேஞ்ச் 2016, அதாவது மடல் சேர்வர். கிளைகளில் சேர்வர் கிடையாது. அங்குள்ள கணினிகள் ரவுட்டர் வழியே ஒரு விபிஎன் சுரங்கத்துக்குள்ளால், அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டி அமைத்த தனி வழியால், கிளிநொச்சிக்கு வந்து, அவுட்லுக்கில் மடல் பார்க்கும்.

ஐப்பசி மழை விழுந்து நிலம் நனைந்ததும் காலபோக விதைப்புத் தொடங்கிவிடும். விதைநெல் கடன் படிவம், காணிப் பத்திரப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் கிளையில் ஸ்கான் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சரிபார்த்துக் கொழும்பிலுள்ள வங்கிக்கு அனுப்புவார்கள். நிலத்தில் ஈரம் இருக்கும்போது கைக்கு வராத கடனால் விதைக்கிறவருக்குப் பெரிய பயன் இல்லை. ஆகவே இந்த அலுவலகத்தில் மடல் நிற்பதும் வேலை நிற்பதும் ஒன்றுதான்.

மின்னலும் புது லைனும்

பருவமழைக்கு முந்திய இடிமின்னல் காலம் அது. ஒரு மாலை இடி முழங்கத் தொடங்கியதும் அலுவலகத்தில் வழக்கம்போல எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் கூரைக் கம்பத்திலிருந்த அன்ரனாவிலிருந்து உள்ளே இறங்கும் கேபிள் ரவுட்டரிலேயே இருந்தது. மின்னழுத்தம் அந்த வழியாக வந்து ரவுட்டரையும் அதோடு ஒட்டியிருந்த சுவிட்ச்சையும் எரித்துவிட்டது. பிளக்கைக் கழற்றும் பழக்கம் நம்மிடம் நன்றாக இருக்கிறது. கம்பத்துக் கேபிளையும் கழற்றும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பழைய வயர்லெஸ் இணைப்பைத் திருத்துவதை விட, ஏ9 வீதியோரமாக வந்திருக்கும் பைபர் இணைப்புக்கு மாறுவது நல்லது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். இணைப்பைப் போட வந்தவர்கள் புது ரவுட்டரை வைத்து, இணையம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றே கிளை ரவுட்டர்களிலும் அதே அமைப்பைப் பிரதி செய்து ஏற்றினார்கள். பக்கங்கள் வேகமாகத் திறந்தன, வீடியோ தடங்கலின்றி ஓடியது. எல்லோரும் திருப்தி.

அடுத்த நாள் காலை முறைப்பாடுகள் தொடங்கின.

கவனித்தவை

“ஈமெயில் வேலை செய்யேல்லை” என்று ஒரே வார்த்தையில்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டபோது அதற்குள் நாலு விதமான கோளாறுகள் இருப்பது தெரிந்தது.

தலைமை அலுவலகத்தில் சில கணினிகளில் உள்நுழையவே நெடுநேரம் பிடித்தது. பகிர்வுக் கோப்புறைகள் தெரியவில்லை. பக்கத்து மேசைக் கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஜிமெயில் முகவரிகளுக்குப் போட்ட மடல்களில் சில உடனேயே 550 5.7.25 என்ற பிழையுடன் திரும்பி வந்தன. வங்கிக்குப் போட்ட மடல்களில் பலவோ திரும்பியும் வரவில்லை, போய்ச் சேரவும் இல்லை. எக்ஸ்சேஞ்சின் வரிசையில் ‘மறுமுயற்சி’ நிலையில் கிடந்தன. 4 மணி நேரம் கழித்துத் தாமத அறிவித்தல் வரும். 2 நாளில் 4.4.7 என்ற குறியுடன் காலாவதியாகித் திரும்பும். எக்ஸ்சேஞ்சின் இயல்பான கால அளவுகள் இவை. கிளைகளில் அவுட்லுக்கின் அடியில் ‘இணைக்க முயல்கிறது’ என்ற வரி வருவதும் போவதுமாக இருந்தது.

நல்லபடி நடந்தவற்றையும் குறித்துக்கொண்டேன். தலைமை அலுவலகத்துக்குள் ஒருவர் மற்றவருக்கு 8 எம்பி இணைப்புக் கோப்புடன் அனுப்பினால் அந்த நிமிடமே போனது. வெளியிலிருந்து வரும் மடல்கள் பெரியவையாக இருந்தாலும் ஒழுங்காக வந்தன.

எக்ஸ்சேஞ்சைத் தொடாமல் விட்ட முடிவு

அந்த நேரம் அலுவலகத்தில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, மடல் சேர்வரை மறுபடி மறுபடி நிறுத்தித் தொடக்குவது. மற்றது, எக்ஸ்சேஞ்ச் பழுதாகிவிட்டது, அழித்துப் புதிதாக நிறுவலாம் என்பது. இரண்டும் வேண்டாம் என்று சொன்னேன். உள்ளுக்குள் 8 எம்பி மடலை உடனே கொண்டுபோய்ச் சேர்க்கிற சேர்வர் பழுதான சேர்வர் அல்ல. மாறியது லைன் மட்டுமே. அப்படியிருக்க, மாறாத ஒன்றைப் பிரித்துப் போட்டால் ஆதாரம் கலைந்துவிடும். மடல்களையும் இழக்க நேரலாம்.

ஒரு தடவையில் ஒரு மாற்றம், அதன் பலனைப் பார்த்த பிறகே அடுத்தது என்று தீர்மானித்தோம். மேசையில் ஒரு கொப்பி வைத்து, நேரத்துடன் எழுதினோம். அவசரத்தில் இது மெத்தனமாகத் தெரியும். ஆனால் ஒரே நாளில் பல கோளாறு சேர்ந்து வந்த இடத்தில், எது எதைத் தீர்த்தது என்று தெரியாமல் போனால் அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எளிதில் தீர்ந்த இரண்டு

உள்நுழைவுக் கோளாறு உள்ள கணினி ஒன்றிலும் இல்லாத கணினி ஒன்றிலும் பிணைய விபரத்தை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கோளாறுள்ளதில் டிஎச்சிபி சேர்வரின் முகவரி புது ரவுட்டருடையது. ரவுட்டரில் டிஎச்சிபி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை. காலையில் எந்தக் கணினிக்கு ரவுட்டர் முந்திப் பதில் கொடுத்ததோ, அந்தக் கணினி டிஎன்எஸ் முகவரியாகவும் ரவுட்டரையே பெற்றுக்கொண்டது. அக்டிவ் டிரெக்டரியின் உள் பெயர்கள் ரவுட்டருக்குத் தெரியாது. டொமைன் கொன்ட்ரோலர், அதாவது உள்நுழைவைச் சரிபார்க்கும் சேர்வர், எங்கே என்று கேட்டால் வெளி டிஎன்எஸ்ஸில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திக் கணினிகளின் முகவரியைப் புதுப்பித்ததும் அது சரியாகிவிட்டது.

ஜிமெயில் திருப்பிய மடல்களின் காரணம் பிழைச் செய்தியிலேயே எழுதியிருந்தது: அனுப்பும் ஐபி முகவரிக்கு பிடிஆர் பதிவு, அதாவது அந்த முகவரி எந்தப் பெயருக்குரியது என்று சொல்லும் பதிவு, இல்லை. லைன் மாறியபோது அலுவலகத்தின் பொது ஐபியும் மாறிவிட்டது. பழைய முகவரிக்குப் பெயர்ப் பதிவு இருந்தது, புதியதற்கு இல்லை. அதோடு, அமைப்பின் டொமைன் பெயரில் எந்த முகவரியிலிருந்து மடல் வரலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவும் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருந்தது. ஜிமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து அனுப்புகிற எல்லோரிடமும் இவற்றை இறுக்கமாகக் கேட்கிறது. எஸ்பிஎஃப்பை நாங்களே மாற்றலாம், உடனே மாற்றினோம். பிடிஆரை ஐபியின் சொந்தக்காரரான சேவை நிறுவனம்தான் போட முடியும். அலுவலகக் கடிதத் தலைப்பில் கோரிக்கை எழுதி அனுப்பி, தொலைபேசியில் விடாமல் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

பிடிஆர் வந்ததும் ஜிமெயிலுக்குச் சிறிய மடல்கள் போகத் தொடங்கின. அப்போதுதான் மூன்றாவது கோளாறின் உருவம் வெளியே தெரிந்தது. அதுவரை சின்ன மடல் திருப்பப்பட்டது, பெரிய மடல் நின்றது. ஜிமெயிலுக்கு எதுவுமே போகாததால் இரண்டும் ஒரே நோய் என்று தோன்றியது.

கணக்காளரின் கேள்வி

மடலில் கோப்பு இணைத்தால் நிற்கிறது, இணைக்காவிட்டால் போகிறது என்று பலர் சொன்னார்கள். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முதலில் வருவது அளவு வரம்பு பற்றிய சந்தேகம். எக்ஸ்சேஞ்சின் வரம்பு இயல்பாக 10 எம்பி, பார்த்தோம், மாறவில்லை. ஸ்கானைக் குறைந்த தெளிவில் எடுத்துச் சிறிதாக்கி அனுப்பியும் பார்த்திருந்தார்கள். அதுவும் நின்றது.

கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் கேட்ட கேள்விதான் வழியைத் திறந்தது. “தம்பி, நான் ‘கிடைத்தது, நன்றி’ எண்டு மட்டும் எழுதினாலும் வங்கிக்குப் போகேல்லை. களஞ்சியத்தில இருக்கிறவர் எழுதினா மட்டும் எப்பிடிப் போகுது?”

இருவரின் மடல்களையும் எடுத்துப் பார்த்தேன். களஞ்சியப் பொறுப்பாளர் வெறும் எழுத்தாக ஒரு வரி எழுதுகிறவர். அக்காவின் மடலின் அடியில் அமைப்பின் இலச்சினைப் படம் ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். சின்னப் படம், சில கிலோபைட் மட்டுமே. ஆகவே எம்பிக் கணக்கில் வைத்த வரம்பு எதுவும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. எங்கோ ஒன்றரைக் கிலோபைட் அளவிலேயே மடல் தடைப்படுகிறது. ஒன்றரைக் கிலோபைட் என்றால் அது மடலின் அளவு அல்ல. வலையமைப்பில் ஓடும் ஒரு பொதியின் அளவு. எந்தத் தரவும் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துதான் போகும்; அந்தத் துண்டுதான் பொதி.

மடல் சேர்வரில் அனுப்பும் பகுதியின் உரையாடல் பதிவை விரிவாக்கி வைத்து, அக்காவிடம் மறுபடி ஒரு மடல் போடச் சொன்னேன். பதிவில் வங்கியின் சேர்வர் வணக்கம் சொன்னது, அனுப்புநரை ஏற்றது, பெறுநரை ஏற்றது, 354 என்று சொல்லி ‘மடலை அனுப்பு’ என்றது. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. நேரம் கடந்து தொடர்பு அறுந்தது, 421 4.4.2. வணக்கமும் பெயரும் சொல்லும் வரிகள் எல்லாம் சின்னப் பொதிகள். முதல் முழுப் பொதி கிளம்புகிற இடத்தில்தான் எல்லாம் நின்றது.

பொதியின் அளவை அளந்தது

பழைய இணைப்பில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். புது பைபர் இணைப்பு பிபிபிஓஇ முறையில் இயங்கியது. அந்த முறை ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. இது தவறல்ல, உலகெங்கும் அப்படித்தான். வாசலில் கொள்ளாத மூட்டை வந்தால், கொள்ளாது என்று வாசலில் நிற்பவர் திரும்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிரித்துச் சின்னதாகக் கட்டலாம். வலையமைப்புச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று நிலைமை சொல்லும் முறை ஐசிஎம்பி; பிங்கும் அதில் அடங்கும். கொள்ளாது என்று சொல்லும் செய்தி ஐசிஎம்பி வகை 3, குறி 4. இந்த ஏற்பாடு 1990இல் ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதிமுறை ஆவணமாக எழுதி வைக்கப்பட்டது.

பிங் என்பது ஒரு சோதனைப் பொதியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. சேர்வரிலிருந்து, பிரிக்காதே என்ற குறியைப் போட்டு, அளவையும் நாமே கொடுத்து பிங் செய்தோம். 28 பைட் பொதியின் தலைப்புக்கு, அதாவது முகவரி முதலிய விபரங்களுக்கு, போய்விடும் என்பதால் 1464 என்று கொடுத்தால் பொதி 1492 ஆகும். 1464க்குப் பதில் வந்தது. 1465க்குப் பதில் இல்லை; நேரம் கடந்தது என்ற வரி மட்டும். 1472 வரை அதே மௌனம். 1473 கொடுத்ததும் ‘பிரிக்க வேண்டும், ஆனால் பிரிக்காதே என்ற குறி உள்ளது’ என்ற செய்தி வந்தது. அந்தக் கடைசிச் செய்தி, தன் வலை அட்டையின் அளவைப் பார்த்துச் சேர்வரே சொல்வது. வெளியே போகவே தேவையில்லை. 1465க்கும் 1472க்கும் இடையில் அதே செய்தியை ரவுட்டர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இந்த எட்டு எண்களுக்குள் கிடந்த மௌனம்தான் கோளாறு.

ரவுட்டரின் விதிகளைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பாதுகாப்பு என்று நினைத்து, பிங் கேள்வியையும் பதிலையும் மட்டும் விட்டு மற்ற ஐசிஎம்பி வகைகள் எல்லாவற்றையும் தடுக்கும் விதி ஒன்று போடப்பட்டிருந்தது. ஆகவே யார் பிங் செய்து பார்த்தாலும் லைன் சரி என்றே தெரியும். சாதாரண பிங் 32 பைட். அது எந்த வாசலிலும் கொள்ளும்.

வீடியோ ஓடியதற்கும் வெளி மடல் உள்ளே வந்ததற்கும் விளக்கம் இதிலேயே இருந்தது. உள்நோக்கி வரும் பெரிய பொதியை மறுக்க வேண்டிய சாதனம் சேவை நிறுவனத்தின் பக்கம் உள்ளது. அது சொல்ல வேண்டியதைச் சொல்லியது. வெளிநோக்கிப் போகும் பெரிய பொதிதான் நம் ரவுட்டரில் சத்தமில்லாமல் மறைந்தது. சில மடல்கள் மிகப் பிந்தியாவது போய்ச் சேர்ந்தன. விண்டோஸ் பல தடவை திருப்பி அனுப்பியும் பதில் கிடைக்காவிட்டால் பொதியைத் தானே சிறிதாக்கிப் பார்க்கும். அதனால் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். எப்போதாவது போய்விடுகிற மடல், எப்போதுமே போகாத மடலை விடக் கூடுதலாகக் குழப்பும்.

முடிவுகள்

அலுவலக நேரத்தில் ரவுட்டரில் கை வைத்தால் எல்லோருடைய வேலையும் நிற்கும். எனவே முதலில் மடல் சேர்வரின் வலை அட்டையில் மட்டும் பொதி அளவை 1400 ஆக்கினோம். திருப்பி மாற்ற ஒரு வரி போதும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வரிசையில் தேங்கியிருந்தவை கண்ணெதிரே குறையத் தொடங்கின. அக்காவின் நன்றி மடலும் போனது. ஊகம் உறுதியாயிற்று.

அதை நிரந்தரத் தீர்வாக வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கணினியிலும் அப்படி மாற்றுவது நடக்காத காரியம். சேர்வரில் மட்டும் வைத்தால், அடுத்த சேர்வர் வரும்போது யாருக்கும் நினைவிருக்காது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு ரவுட்டரில் இரண்டு மாற்றம் செய்தோம். ஐசிஎம்பி வகை 3, குறி 4ஐத் தடுக்காமல் விட்டோம். மடல் போன்றவை போகும் டிசிபி முறையில், தொடர்பு தொடங்கும்போதே பொதிக்குள் வைக்கும் தரவு அளவை, அதாவது எம்எஸ்எஸ்ஸை, 1452க்குக் கட்டுப்படுத்தினோம். இரண்டாவதை மட்டும் செய்திருந்தாலே மடல் ஓடியிருக்கும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு டிசிபிக்கு மட்டுமே. மற்றவற்றுக்கு முதல் மாற்றம் வேண்டும்.

பிறகு சேர்வரின் அளவைப் பழையபடி 1500க்குத் திருப்பி, அப்படியே மடல் போகிறதா என்று பார்த்தோம். போனது.

கிளைகளின் சுரங்கம் தனக்கென்று கூடுதல் தலைப்பைச் சேர்க்கும், அதனால் அங்கே இடம் இன்னும் குறைவு. மல்லாவியில் அளந்தபோது 1372 வரைதான் பதில் வந்தது; பொதியாக 1400. சுரங்கத்துக்கு 1400, எம்எஸ்எஸ் 1360 என்று வைத்தோம். மாங்குளம் சந்திக்கு இறங்கி மேற்கே திரும்பி மல்லாவிக்குப் போய்வர அரை நாள் போய்விடும் என்பதால், அளக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். புதுக்குடியிருப்பில் கிளை முகாமையாளரே அதே தாளைப் பார்த்துத் தொலைபேசியில் நான் கேட்கக் கேட்க அளந்து சொன்னார். அவர் கணினி படித்தவர் அல்ல. எந்த எண்ணுக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று சொன்னாலே போதுமாக இருந்தது.

பின்விளைவுகள்

வரிசை காலியானதும் வேறு வேலை தொடங்கியது. போகவில்லை என்று நினைத்துப் பலர் ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தார்கள். தேங்கிக் கிடந்த பிரதிகள் சேர்ந்து வங்கிக்குப் போய்விட்டன. ஒரே ஆளின் விண்ணப்பம் இரண்டு தரம் பதிவாகிவிடாமல் இருக்க வங்கியுடன் பேசி, பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. காலாவதியான மடல்களை எக்ஸ்சேஞ்சின் தடப் பதிவிலிருந்து எடுத்து, யார் எதை மறுபடி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம்.

மடல் நின்ற நாட்களில் சில படிவங்கள் பஸ்ஸில் கையோடு கொண்டுபோகப்பட்டன. சிலர் அடையாள அட்டைப் படங்களைத் தங்கள் சொந்தப் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் மற்றவர்களின் அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் ஊழியர்களின் போன்களில் தங்கிவிடக்கூடாது என்பதால், அவற்றை அழிக்கும்படி முகாமையாளர் கேட்டுக்கொண்டார். கடன் வருமுன்னே மழை வந்துவிட்டதால், விதைநெல்லைக் கடையில் கடனுக்கு எடுத்து விதைத்தவர்களும் இருந்தார்கள். தொழில்நுட்பக் கணக்கில் இது எட்டு பைட் கோளாறு. அதன் செலவு அவர்கள் தலையில் விழுந்ததை இந்தப் பதிவில் எழுதாமல் விட முடியாது.

மாற்றியவை

லைன் அல்லது ரவுட்டர் மாறும் நாளில் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று இப்போது அலுவலகத்தில் உண்டு. பொது ஐபி மாறினால் பிடிஆருக்கான கோரிக்கை, பழைய லைனை நிறுத்த முன்பே போக வேண்டும். எஸ்பிஎஃப்பில் கொஞ்சக் காலம் இரண்டு முகவரியும் இருக்க வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி நிறுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இணைப்புப் போட வந்தவர் போகுமுன், பிரிக்காத குறியுடன் பெரிய பிங்கும், வெளி முகவரி ஒன்றுக்கு இலச்சினைப் படத்துடன் ஒரு மடலும் போய்ப் பதில் வர வேண்டும். வீடியோ ஓடுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. தலைமை அலுவலகத்தின் ரவுட்டர் அமைப்பைக் கிளைக்கு அப்படியே பிரதி செய்வதையும் நிறுத்திவிட்டோம். கம்பத்துக் கேபிள் இன்னும் பாவனையிலுள்ள கிளைகளில், இடி தொடங்கினால் அதையும் கழற்றும்படி ரவுட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியாயிற்று.

எக்ஸ்சேஞ்ச் 2016க்கு மைக்ரோசொஃப்ட் தரும் ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் சேர்வர் 2016க்கு 2027 ஜனவரி வரை உண்டு. மடல் சேவையை வெளி நிறுவனம் ஒன்றின் சேர்வருக்கு மாற்றுவதா, புதுப் பதிப்பை இங்கேயே வைப்பதா என்ற பேச்சு அலுவலகத்தில் நடக்கிறது. எதைச் செய்தாலும் கிளைகளின் பெரிய பொதிகள் இதே ரவுட்டர்கள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பதால், 1452, 1360 என்ற இரண்டு எண்களையும் காரணத்துடன் எழுதி, மாற்றத் திட்டத்தின் முதல் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்.